பழைய பவர்ஷாட்டில் பிட்ரேட்டை ஏற்றிய கதை

அலமாரியில் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ் கேமராவை மறுபடி எடுக்க வைத்தது ஒரு மரம். காற்றில் ஆடும் கிளைகளை அரை நிமிடம் எடுத்துக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அடிமரம் நன்றாக இருந்தது. இலைகள் மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டது போலத் திட்டுத் திட்டாகப் பச்சை. அதே இடத்திலிருந்து எடுத்த புகைப்படத்தில் இலைகளைத் தனித்தனியாக எண்ணலாம். 7 மெகாபிக்சல் படத்தோடு வீடியோவை ஒப்பிடுவது நியாயமில்லைதான். அதனால் அந்தப் படத்தை 640-க்கு 480 ஆகச் சுருக்கி, வீடியோவின் ஒரு ஃப்ரேமுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அப்போதும் புகைப்படம்தான் ஜெயித்தது. லென்ஸ் பார்க்கிறது, சென்சார் வாங்கிக்கொள்கிறது, கார்டில் எழுதும் நேரத்தில்தான் எங்கோ கோட்டை விடுகிறது என்று பட்டது.

2007-இல் வந்த மாடல் இது. 4 மடங்கு ஆப்டிகல் ஜூம், இரண்டு ஏஏ பேட்டரி, டிஜிக் 3 சிப். வீடியோ 640-க்கு 480, நொடிக்கு 30 ஃப்ரேம். ஏவிஐ கோப்புக்குள் மோஷன் ஜேபெக் முறையில் எழுதும். அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் தனியொரு ஜேபெக் படம். முந்தைய ஃப்ரேமிலிருந்து எதையும் கடன் வாங்கும் வேலை இல்லை.

கோப்பின் அளவை நொடிகளால் வகுத்தேன். நொடிக்கு ஏறத்தாழ 2 எம்பி. ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் இந்த இடத்தைத்தான் பிட்ரேட் என்கிறார்கள். 30 ஃப்ரேமுக்குப் பங்கிட்டால் ஒரு ஃப்ரேமுக்கு 66 கேபி கிடைக்கிறது. சுருக்காமல் எழுதினால் அந்த அளவு ஃப்ரேமுக்கு 600 கேபி வேண்டும். ஆக, ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் படத்தை அடைக்கிறது. வெற்றுச் சுவருக்கு 66 கேபி தாராளம். ஆயிரம் இலைகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் திரும்பி ஒளியைப் பிடிக்கும் காட்சிக்கு அது பற்றாது. ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, இடம் போதாதபோது முதலில் நுண்ணிய விவரங்களைத்தான் தூக்கி எறியும். என் மரத்தில் தெரிந்த திட்டுகள் அந்தக் கட்டங்கள்தாம்.

இடத்தைக் கூட்டிக் கொடுக்க முடியுமா? கேமராவின் மெனுவில் அதற்கு வழி இல்லை. சிஎச்டிகே இருந்தால் உண்டு.

சிஎச்டிகே என்பது பவர்ஷாட், இக்ஸஸ் வகைக் கேனான் கேமராக்களுக்காக ஆர்வலர்கள் எழுதிய கூடுதல் ஃபர்ம்வேர், அதாவது கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள். கேனான் ஹேக் டெவலப்மென்ட் கிட் என்பதன் சுருக்கம். கேனானுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கேனானின் பெரிய இஓஎஸ் கேமரா வைத்திருப்பவர்கள் மேஜிக் லான்டர்ன் என்று இதே போன்ற ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். சிஎச்டிகே சின்னக் கேமராக்களுக்கானது. சுருக்காத ரா படம், கேமராவைத் தானாக இயக்கும் லூவா ஸ்கிரிப்ட், அசைவைக் கண்டதும் தானே படமெடுப்பது என்று அதில் பெரிய சந்தையே இருக்கிறது. எனக்கு வேண்டியது வீடியோ மெனுவில் இருக்கும் நாலைந்து வரிகள் மட்டும்.

ஃபர்ம்வேர் மாற்றம் என்றதும் வயிற்றைப் பிசையும். பாதியில் பேட்டரி போனால் கேமரா செங்கல் ஆகிவிடுமோ என்ற பயம். இங்கே அந்தப் பயத்துக்கு இடம் குறைவு, ஏனென்றால் கேமராவுக்குள் இருக்கும் மூல ஃபர்ம்வேரை சிஎச்டிகே அழித்து எழுதுவதில்லை. கார்டில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறை கேமராவை ஆன் செய்யும்போதும் ரேமில் ஏறிக்கொண்டு, மூல ஃபர்ம்வேரோடு சேர்ந்து ஓடும். கார்டை மாற்றினால் கேமரா பழைய கேமராதான்.

ஆனால் அதே மாடலிலேயே ஃபர்ம்வேர் பதிப்பு பார்த்துத்தான் இறக்க வேண்டும். ஏ570 ஐஎஸ்-க்கு 1.00இ, 1.01ஏ என்று பதிப்புகள் உண்டு. பதிப்பு மாறினால் உள்ளே நினைவக முகவரிகள் மாறும். சிஎச்டிகே அந்த முகவரிகளைத் தொட்டுத்தான் வேலை செய்கிறது. பதிப்பைக் காண ஒரு ரகசியக் கதவு இருக்கிறது. கார்டில் 'வெர்.ரெக்' என்ற பெயரில் ஒரு காலிக் கோப்பை வைத்து, கேமராவைப் பிளே மோடில் (எடுத்த படங்களைப் பார்க்கும் நிலையில்) திறந்து, ஃபங்ஷன்/செட் பட்டனை அழுத்தியபடியே டிஸ்ப்ளே பட்டனை அழுத்த வேண்டும். எனக்கு வரவில்லை. மூன்று முறை முயன்றேன். வேறு கார்டு போட்டேன். கடைசியில் பார்த்தால், விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைத்திருந்ததால் என் கோப்பின் உண்மைப் பெயர் 'வெர்.ரெக்.டெக்ஸ்ட்' ஆகியிருந்தது. பின்னொட்டைக் காட்டச் சொல்லி, பெயரைத் திருத்தியதும் 1.01ஏ என்று வந்தது.

(இந்த வித்தையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு 'ஸ்டிக்' என்றொரு ஜாவா கருவி உண்டு. கேமராவில் எடுத்த ஒரு படத்தைக் கொடுத்தால் அதிலிருந்தே மாடலையும் பதிப்பையும் கண்டுபிடித்து, கார்டைத் தயாரித்துக் கொடுத்துவிடும். எனக்கு அது இருப்பது பின்னால்தான் தெரிந்தது.)

அவசரத்தில் நான் முதலில் இறக்கிவைத்திருந்தது 1.00இ. பார்க்காமல் அதையே கார்டில் போட்டு ஓட்டினேன். திரை கறுத்து, பட்டன்கள் எதற்கும் பதில் இல்லை. பேட்டரிக் கதவைத் திறந்து மூடியதும் ஒன்றும் நடக்காதது போல விழித்துக்கொண்டது. அந்தப் பத்து நொடி மட்டும் உள்ளங்கை வியர்த்தது.

சரியான பதிப்பைப் போட்ட பிறகு, முதல் ஓட்டத்தைக் கையால் செய்தேன். பிளே மோடில் மெனுவைத் திறந்து கடைசி வரிக்குப் போனால், இதுவரை அங்கே இல்லாத 'ஃபர்ம் அப்டேட்' என்ற வரி முளைத்திருக்கும். பெயர்தான் அப்டேட், கேமராவுக்குள் எதையும் எழுதுவதில்லை. அதைத் தேர்ந்ததும் சிஎச்டிகே சின்னம் ஒரு கணம் வந்து போனது. பிரின்ட் பட்டனை அழுத்தினால் திரையில் 'ஆல்ட்' என்று வரும்; பிறகு மெனு பட்டனை அழுத்தினால் புது மெனு.

ஒவ்வொரு முறையும் இந்தச் சடங்கைச் செய்ய முடியாது, தானாக ஏற வேண்டும். அதற்கான ஏற்பாடு வேடிக்கையானது. கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டு நெம்புகோலை 'லாக்' பக்கம் தள்ள வேண்டும். பூட்டிய கார்டைக் கண்டால் கேமரா அதன் தொடக்கப் பகுதியான பூட் செக்டரில் 'பூட்டிஸ்க்' என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் 'டிஸ்க்பூட்.பின்' என்ற கோப்பை ஏற்றும். பூட் ஆக வேண்டுமென்றால் பூட்டு போட வேண்டும், தமிழில் சொல்லும்போது சிலேடையாகவே அமைந்துவிட்டது. பூட்டிய கார்டில் எப்படிப் படம் எழுதுவது? ஏறியதும் சிஎச்டிகே அந்தப் பூட்டைக் கண்டுகொள்ளாதே என்று கேமராவிடம் சொல்லிவிடுகிறது. என்னிடம் நெம்புகோல் உடைந்து விழுந்த கார்டு ஒன்று இருந்தது. நெம்புகோல் இல்லாத கார்டை ஸ்லாட் பூட்டியதாகவே எடுத்துக்கொள்ளும். குப்பைக்குப் போக வேண்டியது, இந்த வேலைக்குப் பொருத்தமாக அமைந்தது.

'பூட்டிஸ்க்' எழுத்தை எழுத சிஎச்டிகே மெனுவிலேயே கார்டை பூட் கார்டாக்கும் வரி ஒன்று இருக்கிறது. இவ்வளவு பழைய கேமரா தானாக ஏற்ற, கார்டு ஃபேட்16 என்ற பழைய கோப்பு அமைப்பில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். அது 4 ஜிபி வரைதான் போகும். அதற்கு மேல் என்றால் கார்டை இரண்டாகப் பிரித்து, முன்னால் சின்ன ஃபேட்16, பின்னால் பெரிய ஃபேட்32 என்று வைக்கலாம். பழைய விண்டோஸுக்கு கார்டில் முதல் பகுதி மட்டுமே தெரியும், விண்டோஸ் 10-இன் 1703 பதிப்புக்குப் பிறகே இரண்டும் தெரியும். அந்தத் தலைவலி வேண்டாமென்று 4 ஜிபி கார்டோடு நிறுத்திக்கொண்டேன்.

இனி எண்கள்

வீடியோ பாராமீட்டர் மெனுவில் முதல் வரி, வீடியோ மோட். பிட்ரேட், குவாலிட்டி என்று இரண்டு தேர்வு. பிட்ரேட்டில் கேமராவின் வழக்கமான அளவைப் போல 0.25 மடங்கிலிருந்து 3 மடங்கு வரை போகலாம். குவாலிட்டியில் 1 முதல் 99 வரை ஓர் எண்.

மூன்று மடங்கு இருக்கும்போது எவன் இரண்டில் நிற்பான்? நேராக 3-க்குப் போனேன். கையிலிருந்த பழைய 2 ஜிபி கார்டு, அதே மரம். பதிவு தொடங்கியதும் திரையின் வலது ஓரத்தில் ஒரு பட்டை மளமளவென்று ஏறியது, சில நொடிகளில் ஓர் ஆச்சரியக்குறி, பதிவு நின்றது. அந்தப் பட்டை கேமராவின் தற்காலிக நினைவகம். சென்சாரிலிருந்து வருவதை அங்கே வைத்துக்கொண்டு, கார்டு வாங்கும் வேகத்துக்குத் தள்ளிவிடுகிறது. வருவது நொடிக்கு 6 எம்பி, கார்டு வாங்குவது அதற்கும் குறைவு. மேலே குழாய் திறந்திருக்க, கீழே ஓட்டை சிறிது. தொட்டி நிரம்பாமல் என்ன செய்யும்?

அடுத்த நாள் ஒழுங்காக உட்கார்ந்தேன். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே சட்டகத்தில் மரம், பிறகு அறைக்குள் வெற்றுச் சுவர். ஒவ்வொரு மடங்குக்கும் 20 நொடி. கார்டுகள் இரண்டு: அந்தப் பழைய 2 ஜிபி, இன்னொன்று கிளாஸ் 6 என்று அச்சிட்ட 4 ஜிபி. கிளாஸ் 6 என்றால் குறைந்தது நொடிக்கு 6 எம்பி எழுதும் என்று வாக்கு. 3 மடங்கின் தேவையும் அதே 6 எம்பிதான், இடைவெளியே இல்லாத பொருத்தம்.

பழைய கார்டு ஒன்றரை மடங்கு வரை தாங்கியது. 2-இல் பட்டை ஏறி இறங்கி ஏறி, மரத்தில் மட்டும் நின்றுபோனது. கிளாஸ் 6 கார்டு 2 மடங்கை அலட்டாமல் எழுதியது. இரண்டரையிலும் ஓடியது, ஆனால் பட்டை பாதிக்கு மேல் நின்று பயமுறுத்தியது. 3-இல் சுவர் முழுதாக வந்தது, மரம் வரவில்லை.

சுவர் கோப்புகளின் அளவுதான் எனக்குப் பாடம் எடுத்தது. மடங்கை ஏற்ற ஏற்ற மரத்தின் கோப்பு பெருத்துக்கொண்டே போக, சுவரின் கோப்பு ஒரு கட்டத்துக்கு மேல் பெருக்க மறுத்தது. கொடுத்த இடத்தை நிரப்ப அதனிடம் விவரமே இல்லை. ஆக, பிட்ரேட் என்பது செலவழித்தே தீர வேண்டிய தொகை இல்லை, மேல்வரம்பு. எளிய காட்சிக்கு அதை உயர்த்தினால் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. இலை, நீர், புல், கூட்டம் போன்ற காட்சிகளில்தான் காசு வேலை செய்கிறது.

சரி, படம் மேம்பட்டதா? 1-க்கும் 2-க்கும் நடுவே, கண்ணாடி போடாமலே தெரிந்தது. திட்டுகள் கலைந்து இலைகள் இலைகளாயின. கிளை விளிம்புகளைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலத் துடித்த புள்ளிகள் பெரும்பாலும் போயின. ஃப்ரேமுக்கு 133 கேபி. 2-க்கும் இரண்டரைக்கும் நடுவே, ஃப்ரேமை நிறுத்தி நான்கு மடங்கு பெரிதாக்கித் தேடினேன். ஏதோ இருந்தது. எனக்கு வேண்டாம். 2-ஐ நிரந்தரமாக்கினேன்.

நிரந்தரமாக்கினேன் என்று நினைத்தேன். மறுநாள் ஆன் செய்தால் பழைய எண்ணுக்கே திரும்பியிருந்தது. மறுபடி மாற்றினேன், மறுபடி போனது. கார்டு கெட்டதோ, பூட்டு தவறோ என்று ஒரு மாலை முழுக்க வீண். அதே மெனுவில் நாலு வரி கீழே, ஆன் செய்யும்போது வீடியோ அமைப்புகளை அழிக்கவா என்று ஒரு கட்டம் டிக் ஆகியிருந்தது. எடுத்துவிட்டேன். இந்தப் பதிவைப் படித்து வேறு எதையும் நினைவில் வைக்காவிட்டாலும் அந்தக் கட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

குவாலிட்டி முறையையும் விட்டுவைக்கவில்லை. பிட்ரேட் முறை அளவைப் பிடித்துக்கொண்டு தரத்தை ஏற்றி இறக்கும். குவாலிட்டி முறை தரத்தைப் பிடித்துக்கொண்டு அளவை அதன் போக்கில் விடும். 90-க்கு மேல் வைத்து மரத்தைக் காட்டினால் ஆச்சரியக்குறி உடனே வருகிறது. 75-இல் முழுதாக ஓடியது. மேசைமேல் ஏதாவது பழுதுபார்ப்பதைப் படம்பிடிக்க, வெளிச்சமும் சட்டகமும் மாறாத இடத்தில், குவாலிட்டி முறை அருமை: கை குறுக்கே வந்து போனாலும் தரம் ஆடாது. வெளியே எது குறுக்கே வரும் என்று தெரியாத இடத்தில் பிட்ரேட்தான் பத்திரம்.

இருட்டில் ஒரு விசித்திரம். மாலை ஏழு மணிக்கு 2 மடங்கில் எடுத்தால், முன்னைவிட அசிங்கமாகத் தெரிந்தது. யோசித்தால் சரிதான். வெளிச்சம் குறைந்தால் சென்சார் இரைச்சல் புள்ளிகளை அள்ளித் தெளிக்கிறது. பழைய பிட்ரேட்டில் அவையும் மழுங்கிப்போயிருந்தன. இப்போது ஒவ்வொரு புள்ளியையும் பயபக்தியோடு பதிவு செய்கிறது. இருட்டுக்கு 1 மடங்கிலேயே விட்டுவிடுகிறேன், இரைச்சலுக்கு கார்டை நிரப்புவானேன்.

ஜூம்

இந்தக் கேமராவில் பதிவு ஓடும்போது ஆப்டிகல் ஜூம் பூட்டப்பட்டிருக்கும். டிஜிட்டல் ஜூம் மட்டும் கிடைக்கும், அது வெறும் ஊதல். சிஎச்டிகேயில் அந்தப் பூட்டைத் திறக்கும் வரி இருக்கிறது. திறந்தேன். ஜூம் நகர்ந்தது, கூடவே மோட்டாரின் கரகர சத்தம் மைக்கில் ஏறியது. அதற்கும் ஒரு வரி உண்டு, ஜூம் நகரும்போது ஒலியை மௌனமாக்கும். சத்தம் போய் நடுவில் பள்ளம் விழுந்தது. எது மோசம் என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பெரிய சிக்கல் ஃபோகஸ். இந்தக் கேமரா பதிவு தொடங்கும் கணத்தில் ஃபோகஸைப் பூட்டிக்கொள்கிறது. அகலக் கோணத்தில் தொடங்கி உள்ளே ஜூம் போனால் படம் மெல்ல மங்கியது. காரணத்தை எண்ணில் பார்க்கலாம். அகலக் கோணத்தில் லென்ஸின் குவியத் தூரம் 5.8 மிமீ, துளை அளவு எஃப்2.6. இந்தச் சிறிய சென்சாருக்கும் 640 பிக்சல் அகலத்துக்கும் கணக்குப் போட்டால், ஒன்றரை மீட்டரில் ஃபோகஸ் வைத்தாலே அடிவானம் வரை கூர்மையாக இருக்கும். நீளக் கோணத்தில் 23.2 மிமீ, எஃப்5.5, அதே கணக்குக்கு 11 மீட்டர் வேண்டும். அகலத்தில் சோம்பேறித்தனமாக வைத்த ஃபோகஸ், நீளத்தில் மாட்டிக்கொள்கிறது. அதனால் இப்போது தலைகீழாகச் செய்கிறேன்: முழுக்க ஜூம் செய்த நிலையில் ஃபோகஸ் பிடித்துப் பதிவைத் தொடங்கி, வெளியே விரித்துக்கொண்டு வருகிறேன். என் கேமராவில் அது பிசகுவதில்லை. உள்ளே போகும் ஜூமைவிட வெளியே வரும் ஜூம் பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

நடுவில் ஒருமுறை பழக்கதோஷத்தில் கேமராவிலேயே கார்டை ஃபார்மட் செய்துவிட்டேன். அடுத்த முறை ஆன் செய்தால் 'மெமரி கார்டு லாக்ட்' என்று திரை. கோப்புகளோடு பூட் எழுத்தும் போய்விட்டது, பூட்டு மட்டும் மிச்சம். மறுபடி கணினியில் கோப்புகளைப் போட்டு, ஃபர்ம் அப்டேட் சடங்கு செய்து, பூட் கார்டாக்கி... அரை மணி நேரம். இப்போதெல்லாம் படங்களை மட்டும் அழிக்கிறேன்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. சாதாரண அல்கலைன் போட்டால், அதிக எழுத்தும் ஜூமும் சேர்ந்து சீக்கிரமே சோர்ந்துவிடுகிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் பேட்டரி வெகுநேரம் நிற்கிறது. அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட்தான் என்பதால் சிஎச்டிகேயின் பேட்டரி அளவி பாதி காலி என்று பொய் சொல்லும். மெனுவில் மேல், கீழ் வரம்புகளை அதற்கேற்ப மாற்றிவிட வேண்டும்.

பிட்ரேட் சரிசெய்யாத விஷயங்களும் இருக்கின்றன. 7 மெகாபிக்சல் சென்சாரிலிருந்து 640-க்கு 480 ஐ எடுக்கும்போது, நெருக்கமான கம்பிவலை, ஓட்டுக்கூரை போன்றவற்றில் படிக்கட்டுகளும் வானவில்களும் முளைக்கின்றன. அது சுருக்கத்துக்கு முன்னாலேயே நடந்துவிடுவது. கூடுதல் இடம் கொடுத்தால் அந்த வானவில்லை இன்னும் அழகாக எழுதிவைக்கும், அவ்வளவே. 320-க்கு 240-இல் நொடிக்கு 60 ஃப்ரேம் எடுக்கும் முறை ஒன்று இதில் உண்டு, ஒரு நிமிடம் மட்டும். அதற்கும் 2 மடங்கு பிட்ரேட் கொடுத்துப் பார்த்தேன். பாதி வேகத்தில் ஓட்டினால் குழாய்நீர் சொட்டுவது அழகாக வருகிறது. விளையாட்டுக்கு நல்லது.

கணினிக்கு வந்த பிறகு கோப்புகளை எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் கொண்டு எச்.264 சுருக்க முறைக்கு மாற்றுகிறேன், தர அளவு சிஆர்எஃப் 18. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மோஷன் ஜேபெக் வண்ணத்தை 0 முதல் 255 வரை முழு வீச்சில் எழுதுகிறது. சாதாரண வீடியோ 16 முதல் 235 வரை. மாற்றும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் சில பிளேயர்களில் நிழல்கள் கரிப்பிடித்துப்போகும். பிட்ரேட்டுக்காக இவ்வளவு பாடுபட்டுவிட்டு, கடைசிப் படியில் அடிமரத்தின் பட்டையை இருட்டில் தொலைத்தேன். வீச்சைச் சுருக்கிக் கொடுத்ததும் திரும்பி வந்தது. இணையத்தில் ஏற்ற வேண்டியதை 1440-க்கு 1080 ஆகப் பெரிதாக்கி ஏற்றுகிறேன். விவரம் அதிகமாகாது, ஆனால் பெரிய அளவுக்கு அந்தத் தளங்கள் அதிக பிட்ரேட் ஒதுக்குவதால், மறுசுருக்கத்தில் இலைகள் மறுபடி கஞ்சியாகாமல் தப்பிக்கின்றன.

இப்போதைய நிலவரம்: கிளாஸ் 6 கார்டு, 2 மடங்கு, ஜூம் திறந்திருக்கிறது, ஒரு கார்டில் ஏறத்தாழ 16 நிமிடம். ஒலி மட்டும் அப்படியே ஒற்றைத் தடத்தில், தகரடப்பாவுக்குள் பேசுவது போல. அதை சிஎச்டிகேயால் தொட முடியவில்லை. போனில் தனியாகப் பதிவு செய்து பிறகு இணைக்கிறேன். இரண்டும் ஓடத் தொடங்கியதும் கேமராவுக்கு முன்னால் ஒருமுறை கைதட்டினால், அந்தச் சத்தத்தை இரண்டு தடத்திலும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திவிடலாம். கைதட்ட இரண்டு கையும் வேண்டும், ஆகவே கேமரா ஸ்டாண்டில் இருக்க வேண்டும் என்பது முதல் தடவை எனக்கு உறைக்கவில்லை.